8,760 மணித்தியாலங்களை வரிசையில் நிறுத்தினால்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து மின்மாற்றியில் பட்டதில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. அதைக் குறிப்பிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: இருபது வருடத்துக்கு முன்கூட்டியே திட்டம் போடுகிறவர்கள் இதை எப்படிக் கோட்டை விட்டார்கள்? நியாயமான கேள்வி. பதில் சொல்ல, அந்தத் திட்டத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலங்கை மின்சார சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடுத்த 20 வருடத்துக்கான மின்பிறப்பாக்கத் திட்டத்தைத் தயாரித்து வந்தது. மக்கள்தொகை, வருமானம், பழைய மின்பாவனை எல்லாவற்றையும் வைத்து வருங்காலத் தேவையைக் கணிப்பார்கள். அது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படி.

வருடத்துக்கு 8,760 மணித்தியாலங்கள். ஒவ்வொன்றிலும் நாடு எத்தனை மெகாவாட் கேட்டது என்று நேர வரிசைப்படி வரைந்தால், ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். இலங்கையில் நள்ளிரவுக்குப் பின் பள்ளம், காலையில் ஒரு மேடு, இரவு ஏழு ஏழரைக்கு வீடெல்லாம் விளக்கு எரியும்போது உச்சி. இப்போது திகதியையும் நேரத்தையும் அழித்துவிட்டு, விளையாட்டுப் பாடத்தில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவது போல, அதிகம் கேட்ட மணித்தியாலத்தை இடது ஓரத்திலும் குறைவாகக் கேட்டதை வலது ஓரத்திலும் நிறுத்துங்கள். ரம்பம் மறைந்து, வழுக்கி இறங்கும் ஒரே கோடு கிடைக்கும். இதுதான் சுமைக் கால வளைவு.

இனி அதைக் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாக வெட்டுங்கள். அடிப்பட்டை வருடம் முழுவதும் நீளும். உச்சிப்பட்டை சில நூறு மணித்தியாலத்தோடு முடிந்துவிடும். எந்தப் பட்டைக்கு எந்த நிலையம் என்பதைப் பட்டையின் நீளமே சொல்லிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. நிலக்கரி நிலையம் ஒன்றைக் கட்டிப் பராமரிக்க ஒரு கிலோவாட்டுக்கு வருடம் 60,000 ரூபாய், எரிபொருள் அலகுக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். டீசலில் ஓடும் சுழலிக்கு 20,000 ரூபாய் போதும், ஆனால் அலகுக்கு 60 ரூபாய். நிலக்கரிக்கு 40,000 ரூபாய் கூடுதல் முதல், அலகுக்கு 40 ரூபாய் மிச்சம். அப்படியானால் வருடத்துக்கு 1,000 மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் நிலக்கரி இலாபம், அதற்குக் கீழே டீசல் இலாபம். நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு. மாலை உச்சியின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான்! விலை கூடிய டீசல் நிலையத்தைக் களனிதிஸ்ஸவில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். தவறு அதை வைத்திருப்பதில் இல்லை. மலிவான நிலையம் உரிய காலத்தில் வராததால் அதை நாள் முழுக்க ஓட்ட நேர்வதில்தான் இருக்கிறது. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்று வருடக்கணக்காகப் பேசி, 2016இல் கைவிட்டார்கள். கைவிட்டதற்குச் சுற்றுச்சூழல் காரணம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பதிலுக்கு என்ன வரும் என்பதை அன்றே முடிவு செய்திருக்க வேண்டும்.

இயந்திரங்கள் பழுதாகும், மழையும் பொய்க்கும். 1996 வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு நீண்ட மின்வெட்டை அனுபவித்தது. ஆகவே ஈரமான வருடம் முதல் மிக வறண்ட வருடம் வரை ஐந்து வகை மழை நிலைகளை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பழுதைச் சேர்க்கும் விதம் இன்னும் அழகானது. 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று நின்றுபோவதும், நாடு திடீரென்று 300 மெகாவாட் கூடுதலாகக் கேட்பதும் கணக்கில் ஒன்றே. எனவே பழுதின் நிகழ்தகவைத் தேவையோடு சேர்த்து அந்த வளைவையே வீங்க வைக்கிறார்கள். எல்லா நிலையங்களையும் அடுக்கிய பிறகும் மேலே எட்டிப் பார்க்கும் நுனிதான் மின்வெட்டுக்கான நிகழ்தகவு. சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளுக்கு வழங்கிய ‘வாஸ்ப்’ மென்பொருள் இதைத்தான் செய்கிறது. 1970களின் கணினிகளுக்கு 8,760 எண்களும் பெரிய சுமை. அந்த வளைவைச் சில அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதும் ஃபூரியே தொடராகச் சுருக்கிக் கையாண்டார்கள்.

சரி, குரங்குக்கு வருவோம். வளைவு நேரத்தை மறந்துவிடுகிறது. ஒரு ஞாயிறு பகலும் ஒரு வார நாளின் பின்னிரவும் ஒரே அளவு மின்சாரம் கேட்டால், இரண்டும் வரிசையில் அக்கம்பக்கத்தில் நிற்கும். இரவில் அந்தத் தேவையைத் தருவது விக்டோரியா நீர்மின் நிலையத்திலும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்திலும் சுழலும் கனமான இயந்திரங்கள். எங்காவது தடங்கல் வந்தால், அந்தச் சுழற்சியின் உந்தமே முதல் சில நொடிகளைத் தாங்கிக்கொள்ளும். ஞாயிறு பகலில் தேவையின் பெரும் பங்கைக் கூரைகளில் உள்ள சோலார் தகடுகள் தருகின்றன. அவற்றில் சுழல்வது எதுவும் இல்லை. தாங்குவதற்கு ஆளில்லாத அந்த நேரத்தில்தான் பாணந்துறையில் பழுது வந்தது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் 3 மணிவரை கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி மக்களிடம் கேட்க வேண்டி வந்ததும் இதனால்தான்.

இதற்காகச் சூரிய ஒளியைக் குற்றம் சொல்வது சரியல்ல. நேரத்தை மறக்காத கணக்கு வேண்டும்: மணித்தியாலம் மணித்தியாலமாக, ஏன், நொடி நொடியாகவும் ஓட்டிப் பார்க்கும் ஆய்வு. பகல் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி இரவு ஏழு மணிக்கு இறக்கும் 600 மெகாவாட் மகா ஓயா திட்டத்தின் பெறுமதி, வரிசைப்படுத்திய வளைவில் தெரியவே தெரியாது. கடிகாரத்தோடு பார்த்தால்தான் தெரியும். அந்த ஆய்வுக்குக் கூரைச் சோலார் எந்த நிமிடத்தில் எவ்வளவு தந்தது என்ற அளவீடு தேவை. ஒரு மின்நிலையத்தின் செலவோடு ஒப்பிட்டால் அளவீட்டுக் கருவிகளுக்கும் அதைப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஆகும் பணம் சொற்பம். எந்த அரசு வந்தாலும் முதலில் வெட்டக்கூடாத செலவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.