ஹுக்கோவ்: கதவும் வாயும்

வீட்டில் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் சீனக் காதலர்களுக்கு ஒரு பழைய தலைவலி இருந்தது. அம்மா அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் ஒரு சின்னப் புத்தகத்தை எப்படியாவது எடுத்தாக வேண்டியிருந்தது. அதைக் காட்டாமல் திருமணப் பதிவு நடந்ததில்லை. 2025 மே 10 அன்றுதான் அந்த நிபந்தனை நீங்கியது.

கருஞ்சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தில் குடும்பத் தலைவருக்கு முதல் இடம், மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், தலைவருக்கு என்ன உறவு, பூர்வீக ஊர், இனம், மதம், படிப்பு, வேலை, ராணுவப் பணி, உயரம், ரத்த வகை, எப்போது எங்கிருந்து குடிவந்தார் என்பது வரை கட்டம் கட்டமாக இருக்கும். ஒருவர் எந்த ஊரில், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அரசு இதில் பதியும் நிலைக்குப் பெயர்தான் ஹுக்கோவ். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம் செய்திகளில் ஹுகு, ஹுகௌ என்றெல்லாம் எழுதுகிறார்கள். நடுவில் வருவது அழுத்தமான ககரம், கடைசியில் 'ஓ'வை ஒட்டி ஒரு வகரச் சாயல். தமிழில் ஹுக்கோவ் என்று எழுதினால் ஏறக்குறைய சரியாக வரும்.

இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல் இது. 'ஹு' என்றால் ஒற்றைக் கதவு. பழைய எழுத்து வடிவமே ஒரு கதவின் படம்தான். கதவு வீட்டைக் குறித்து, பிறகு அதற்குள் வாழும் குடும்பத்தையும் குறித்தது. 'கோவ்' என்றால் வாய். வீட்டில் எத்தனை பேர் என்று இன்றும் சீனர்கள் வாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள்; ஐந்து பேர் உள்ள வீடு 'ஐந்து வாய்' வீடு. "எத்தனை வாய்க்கு உலை வைக்கணும்" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கதவையும் வாயையும் தனித்தனியே எண்ணுவது மிகப் பழைய அரசுப் பழக்கம். கி.பி. 2-இல் ஹான் பேரரசு எடுத்த கணக்கில் 1,22,33,062 ஹு, 5,95,94,978 கோவ் என்று இரண்டு எண்கள் நிற்கின்றன. கடைசி வாய் வரைக்கும்! வரிக்கும் கட்டாய உழைப்புக்கும் படைக்கும் இந்தக் கணக்கு தேவைப்பட்டது. 1381-இல் மிங் அரசு 'மஞ்சள் ஏடு' என்ற பதிவேட்டைத் தொடங்கி, அதன் படிகளை நான்ஜிங் நகரத்து ஏரித் தீவுகளில் அடுக்கி வைத்தது. தீப்பிடித்துவிடக் கூடாது என்ற கவலை. ஆகவே ஹுக்கோவை மாவோ காலத்துக் கண்டுபிடிப்பு என்று சொல்வது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி 1958 ஜனவரி 9 அன்று வந்த ஒழுங்குவிதியில் இருக்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர வேண்டுமானால் நகரத் தொழிலாளர் துறையின் வேலைச் சான்று, பள்ளி அல்லது கல்லூரியின் அனுமதிச் சான்று, நகரப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும் என்றது அந்த விதி. நான்கே ஆண்டுகளுக்கு முன் வந்த 1954 அரசியல் சட்டம், வசிப்பிடத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்குத் தந்திருந்தது. 1975-இல் எழுதிய அடுத்த அரசியல் சட்டத்தில் அந்த வரியைக் காணோம். இன்றுவரை திரும்பி வரவில்லை.

பதிவு இரண்டு வகையாகப் பிரிந்தது: வேளாண் ஹுக்கோவ், வேளாண் அல்லாத ஹுக்கோவ். என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டுத் தந்த பெயரல்ல இது. தாய்க்கு எதுவோ அதுவே பிள்ளைக்கு. தந்தை வழியிலும் பெறலாம் என்று 1998-இல்தான் விதி தளர்ந்தது. ஷாங்ஹாய் ஆலையில் அப்பா வேலை பார்த்தாலும், அம்மா கிராமத்துப் பெண் என்றால் பிள்ளை அரசின் கண்ணில் விவசாயிதான்.

கதவைக் காவல் காத்தது போலீஸ் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சோறும் காத்தது. 1955 முதல் நகரவாசிகளுக்குத் தானியச் சீட்டு கொடுத்தார்கள். உணவகத்தில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கினாலும் காசோடு சீட்டும் நீட்ட வேண்டும். ஒரு மாகாணத்துச் சீட்டு அடுத்த மாகாணத்தில் செல்லாது. கிராமத்து ஆளுக்கோ சீட்டே கிடையாது. கையில் காசு இருந்தும் நகரத்தில் நாலு நாள் தங்கிச் சாப்பிட வழியில்லை. 'வாய்' என்ற எழுத்துக்கு அப்போது இருந்த எடையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1961 தொடங்கி, ஏறத்தாழ 2 கோடி பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நகரம் ஊட்ட வேண்டிய வாய்கள் குறைந்தன.

தானியச் சீட்டு 1993 வாக்கில் ஒழிந்தது. அதற்குள் தெற்கே குவாங்தோங் மாகாணத்து ஆலைகளுக்குக் கிராமத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டார்கள். ஆள் நகர்ந்தார், பதிவு நகரவில்லை. தற்காலிக வசிப்புச் சான்று கையில் இல்லாதவரைப் பிடித்து அடைத்து ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 2003-இல் குவாங்ஜோவில் அப்படிப் பிடிபட்ட 27 வயது இளைஞர் ஒருவர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது, சில மாதங்களில் அந்த விதி ரத்தானது.

2014-இல் வேளாண், வேளாண் அல்லாத என்ற பிரிவை எடுத்துவிட்டு, எல்லாரையும் 'வசிப்போர்' என்று ஒரே பெயரில் பதிய முடிவெடுத்தார்கள். பெயர் ஒன்றானது, எந்த ஊர்ப் பதிவு என்ற கேள்வி அப்படியே நின்றது. 2020 கணக்கெடுப்பில் நகரங்களில் வசித்தவர்கள் 63.89 சதவீதம், நகரப் பதிவு உள்ளவர்கள் 45.4 சதவீதம்தான். இடைவெளியில் இருப்பவர்களின் பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் பெரும்பாலும் பதிவு உள்ள மாகாணத்துக்கே போக வேண்டியிருக்கிறது. ஒரு வேடிக்கையும் உண்டு. சின்ன நகரங்கள் இப்போது வாங்க வாங்க என்று கூப்பிட்டாலும் பல கிராமத்தார் பதிவை மாற்றத் தயங்குகிறார்கள். ஊர்ப் பதிவு போனால் நிலமும் மனைக்கட்டும் போய்விடுமோ என்ற பயம்.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'வசிப்பிடப் பதிவு' என்பதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. அதுதான் மிக மோசமான தேர்வு. ஹுக்கோவ் காட்டும் ஊரில் ஆள் வசிக்காததுதானே சிக்கலே. 'குடியுரிமை அட்டை' என்றால் நாட்டுக்கும் ஆளுக்கும் உள்ள உறவாகிவிடும். 'உள்நாட்டுக் கடவுச்சீட்டு' சோவியத் வழக்கத்தை நினைவூட்டும். கடவுச்சீட்டு பயணத்துக்கு உரியது, ஹுக்கோவ் ஓர் ஊரைச் சேர்ந்திருப்பதற்கு உரியது. 'குடும்ப அட்டை' என்றால் நம் ரேஷன் கடை வாசலில் போய் நிற்போம்.

என் தேர்வு 'குடிப்பதிவு'. குடி என்ற சொல்லில் வீடு, குடும்பம், வம்சம், அரசுக்கு உட்பட்ட ஆள் எல்லாமே அடங்கும். குறளில் 'குடிமை' பிறந்த குடியின் சிறப்பைப் பேசுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'குடிநீங்காத் தேவதானம்' என்று வருகிறது: உழும் குடிகளை வெளியேற்றாமல் அவர்களோடு சேர்த்தே கோயிலுக்கு விட்ட நிலம். நிலத்தோடு ஒட்டிய ஆள் என்ற அந்தப் பொருள் 1958-இன் வேளாண் ஹுக்கோவுக்கு வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் குடிவரவு, குடியகல்வு, குடிசனமதிப்பு என்று இந்தக் குடும்பமே புழக்கத்தில் இருக்கிறது. டாஸ்மாக் ஞாபகம் வருகிறதே என்று சிலர் சிரிக்கக்கூடும். குடிநீருக்கு வராத சிரிப்பு இதற்கு மட்டும் ஏன்?

புத்தகத்தைக் குடிப்பதிவேடு என்று சொல்லலாம். பதிவே இல்லாதவர்களைச் சீனர்கள் 'ஹேய் ஹு', கறுப்புக் கதவு, என்பார்கள். ஒரு குழந்தைத் திட்டத்தை மீறிப் பிறந்து பதியாமல் விடப்பட்டவர்கள் இதில் நிறைய. அவர்களைப் 'பதிவிலாக் குடி' எனலாம். இடம்பெயர்ந்து வாழ்வோருக்கு 'மிதக்கும் மக்கள்தொகை' என்று எழுதுகிறார்கள். மிதப்பது ஆங்கிலத்தில்தான், சீனச் சொல்லான 'லியூதோங்' ஓடுவதை, நகர்வதைச் சொல்கிறது. 'பெயர்ந்து வாழ்வோர்' போதும்.

குடிப்பதிவு என்ற சொல் வியட்நாமுக்கும் உதவும். அங்கே இதே இரண்டு எழுத்துகளிலிருந்து வந்த 'ஹோ கௌ' உண்டு. அதன் காகிதப் புத்தகம் 2022 முடிவோடு செல்லாமல் போய், எல்லாம் மின்பதிவுக்கு மாறிவிட்டது. கட்டுரையில் முதல் தடவை 'ஹுக்கோவ் எனும் குடிப்பதிவு' என்று எழுதிவிட்டு, அப்புறம் குடிப்பதிவு என்றே தொடரலாம். "பத்து வருஷமாகப் பெய்ஜிங்கில் இருக்கிறார், குடிப்பதிவு ஹெநானில்" என்றால் வாசகருக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.