ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு

டயாலிசிஸ் செய்துகொள்ளும் பலருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. இதே மெஷினில் தனக்கு முன்னால் டயாலிசிஸ் செய்தவருக்கு ஹெபடைடிஸ், அதாவது ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று, இருந்திருந்தால்? நியாயமான பயம்தான். ஆனால் மெஷினின் உட்புறத்தைவிட, வெளியே இருக்கும் பட்டன்களைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

நம் ரத்தம் குழாய்களுக்குள்ளும் வடிகட்டிக்குள்ளும்தான் ஓடுகிறது. குழாய்கள் ஆளுக்குத் தனி. வடிகட்டியின் சவ்வு கிழியாதவரை ஹெபடைடிஸ் வைரஸ்கள் அதைத் தாண்டி மெஷினுக்குள் போக முடியாது. அப்புறம் எப்படிப் பரவுகிறது?

கை வழியாக. ஒருவருக்கு டயாலிசிஸ் முடிந்து நர்ஸ் ஊசியை உருவுகிறார். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் படுகிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடிக்கிறது. அதே கையுறையோடு ஓடிப்போய் பட்டனை அழுத்துகிறார். அந்தப் பட்டனைத் தொட்ட கை அடுத்தவரின் ஊசியைத் தொட்டால் போதும், அவ்வளவுதான். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில்கூட 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். தொற்றியவரின் ஒரு மில்லி ரத்தத்தில் 10 கோடி வைரஸ்கள்கூட இருக்கலாம் என்பதால், பார்த்தால் சுத்தமாகத் தெரியும் பட்டனையும் நம்ப முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தின் ஒரே குப்பியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போவதும் இதே ஆபத்துதான். மருந்தைத் தனி இடத்தில் ஊசியில் ஏற்றி, அவரவருக்கென்று கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். அமெரிக்காவில் 1974-இல் டயாலிசிஸ் நோயாளிகளில் 6.2 சதவீதம் பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றியது. 1977-இல் அங்கே கட்டுப்பாட்டு விதிகள் வந்தன: அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தொற்றுள்ளவருக்குத் தனி அறை, தனி மெஷின், கையுறை, கிருமிநீக்கம். 1980-இல் அது 1 சதவீதமாகிவிட்டது. தடுப்பூசி புழக்கத்துக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்! எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் கணக்கு வேறில்லை.

ஹெபடைடிஸ் சி-க்குத் தனி மெஷின் கட்டாயமில்லை என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஒதுக்கினால் தவறில்லை, ஆனால் 'தனி மெஷின் இருக்கிறதே' என்று கையுறை மாற்றுவதில் அசட்டையாகிவிடக் கூடாது. தொற்றிய பிறகு சில வாரங்கள் ஆன்டிபாடி (உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) சோதனையில் எதுவும் தெரியாது. அதனால் 'நெகட்டிவ்' வந்தவரிடமும் அதே கவனம் வேண்டும். சி வைரஸ் தொற்றியவர்களைப் பெரும்பாலும் மாத்திரையாலேயே குணப்படுத்திவிடலாம். இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரைகள் இலவசம்.

பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரின் உடல் அதற்குச் சரியாக எதிர்வினை காட்டாது. அதனால் டயாலிசிஸ் நோயாளிக்கு வழக்கமான 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 மைக்ரோகிராம் போடுகிறார்கள். சிறுநீரகப் பாதிப்பு தெரிந்ததுமே, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டால் பலன் அதிகம். போட்டதோடு விட்டுவிடாமல், வருடத்துக்கு ஒருமுறை ஆன்டி-ஹெச்பிஎஸ் (பி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது 10 mIU/ml-க்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னொரு டோஸ் போட வேண்டும்.