அண்ணனுக்கு வந்துவிட்டால் தம்பிக்கு வராதா?

"அண்ணனுக்கு வந்துட்டதால எங்களுக்கு வராதுன்னு நினைச்சோம், டாக்டர்." சமீபத்தில் இதை மறுபடியும் கேட்க வேண்டி வந்தது. சொன்னவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுக் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது. அவருடைய அண்ணனுக்கு லிஞ்ச் சின்ட்ரோம் என்று உறுதியான அன்றே, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பரிசோதிக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது பீரோவில் பத்திரமாக இருந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் குடல் மருத்துவம் பார்க்கிறவன் நான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. இதைப் பொறுமையாக எழுதும் மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

லிஞ்ச் சின்ட்ரோம் பரம்பரையாக வருவது. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 போன்ற மரபணுக்களில் ஏதோ ஒன்று பழுதாக இருக்கும். பெருங்குடலிலும் கருப்பையிலும் இளவயதிலேயே புற்றுநோய் வரும் வாய்ப்பு அதனால் மிக அதிகம். இதற்கு மேல் அதை விளக்கப் போவதில்லை. நான் விளக்க வேண்டியது உங்கள் கணக்கை.

அம்மா அப்பா இருவரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதைச் சொன்னதும், நாலு பிள்ளைகளில் இரண்டு பேருக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூத்தவர்கள் இரண்டு பேருக்கு வந்ததும் மற்ற இரண்டு பேரும் தப்பித்தோம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முதல் மூன்றும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் நாலாவது ஆண்தான் என்று யாராவது எழுதிக் கொடுக்க முடியுமா? ஒவ்வொரு கர்ப்பமும் புதுக் கணக்கு. நாலு பேருக்கும் இருக்கலாம், ஒருவருக்கும் இல்லாமலும் போகலாம். அண்ணனுக்கு வந்தது உங்கள் வாய்ப்பில் ஒரு துளியையும் குறைக்கவில்லை. உங்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கிறது என்பதே அண்ணனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஓடி வந்திருக்க வேண்டிய நேரம் அது.

"எனக்கு அப்பா ஜாடை, அம்மா வீட்டு வியாதி வராது" என்பதும் இதே ரகம். மூக்குக்கும் இந்த மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லை. "அப்பா எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்" என்கிறீர்களா? பழுது இருக்கிற எல்லோருக்கும் புற்று வருவதில்லை. அவருக்கு வராமல், உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உங்களுக்கு அது இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டால், உங்கள் வழியாக உங்கள் பிள்ளைகளுக்குப் போகவே போகாது. பழுதே ஒரு தலைமுறையைத் தாண்டி வரும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஒரு விஷயம், மருத்துவர்களே சில சமயம் தவறவிடுவது: முதலில் பரிசோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் எந்தப் பழுது என்று தெரிந்தால், மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் இரத்தத்தில் தேடினால் போதும். அது தெரியாமல் நலமாக இருக்கும் ஒருவரைச் சோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால், அதை நம்பி உட்கார முடியாது.

பழுது இருக்கிறது என்று வந்தால் புற்று வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. குழாய் விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்க்கிற கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் 20 முதல் 25 வயதுக்குள் ஆரம்பித்து, ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. சில மரபணுக்களில் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம். மற்றவர்களுக்கு ஒரு பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை) புற்றாக மாறப் பத்து வருடம்போல எடுக்கும், உங்களுக்கு இரண்டு மூன்று வருடமே போதும். பின்லாந்தில் இப்படிப்பட்ட 22 குடும்பங்களை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பரிசோதனை செய்துகொள்ளாத 119 பேரில் 19 பேருக்குக் குடல் புற்று வந்தது, 9 பேர் இறந்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்துகொண்ட 133 பேரில் 8 பேருக்கு வந்தது, அதனால் ஒருவர்கூட இறக்கவில்லை. நம் நாட்டிலேயே வடக்கு கேப் பகுதியில் எம்.எல்.எச்.1 பழுது ஒன்று பல குடும்பங்களில் இருப்பதைக் கண்டு, கேப் டவுனிலிருந்து மருத்துவக் குழு கருவிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. உங்களுக்கோ கிளினிக் அரை மணி நேரத் தூரம்.

ஆனாலும் தள்ளிப்போடுகிறீர்கள். புரட்டாசி முடியட்டும், தீபாவளி முடியட்டும், டிசம்பர் லீவு முடியட்டும், தைப்பூசக் காவடி முடியட்டும். விரதத்தை விடச் சொல்லவில்லை, விரதம் இல்லாத ஒரு வாரத்தில் தேதி வாங்குங்கள் என்கிறேன். விரதச் சாப்பாட்டில் பருப்பும் பீன்ஸும் காய்கறியும்தான் அதிகம், பரிசோதனைக்கு முன் ஆகாதவையும் அவைதான். மூன்று நாளைக்கு முன்பே பருப்பு, பீன்ஸ், வெண்டைக்காய், மக்காச்சோளம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தக்காளித் தோல் ஒன்று குழாயில் சிக்கினால் போதும், உறிஞ்ச முடியாமல் நான் உள்ளே நின்றுகொண்டிருப்பேன். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள், அது மலத்தைத் தார் மாதிரி ஆக்கிவிடும். பேதி மருந்தைப் பாதி இரவிலும் பாதி விடியற்காலையிலும் முழுதாகக் குடியுங்கள். "கொஞ்சம்தான் மிச்சம் வச்சேன்" என்றால், அந்தக் கொஞ்சம் போய்த் தங்குவது வலப்பக்கக் குடலில். லிஞ்ச் கட்டிகள் அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

பெண்கள் குடலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கருப்பைப் புற்றுக்கும் ஏறக்குறைய அதே அளவு ஆபத்து உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், இடையில் தாறுமாறாகப் பட்டாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை பெற்று முடித்த பிறகு கருப்பையை எடுத்துவிடுவது பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

மலத்தில் இரத்தம் என்றதும் மூலம் என்று நீங்களே முடிவுகட்டி மூலிகை தேடாதீர்கள். ஆஸ்பிரின் லிஞ்ச் உள்ளவர்களுக்குக் குடல் புற்றைக் குறைக்கிறது என்பது ஆய்வில் தெரிந்ததுதான். அதற்காக ஃபார்மசியில் வாங்கி நீங்களாக விழுங்க வேண்டாம், அது கொலோனோஸ்கோபிக்குப் பதிலும் ஆகாது.

மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், சேர்க்க மாட்டார்கள் என்ற பயமும் வேண்டாம். உடல்நிலையைக் காட்டி உங்களை மறுக்கவோ சந்தாவைக் கூட்டவோ எல்லோருக்கும் திறந்திருக்கும் திட்டங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. அந்த நோய்க்கு 12 மாதம்வரை காத்திருக்க வைக்கலாம். அதனால் சீக்கிரம் சேருங்கள்.

மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், இப்போது வெளியே தெரிய வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் அண்ணனுக்கும் தங்கைக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் கடிதம் நான் எழுதித் தருகிறேன். கையில் கொடுங்கள், தயவுசெய்து பீரோவில் வைக்காதீர்கள்.

1860-க்கும் 1911-க்கும் இடையில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக எந்தக் கப்பலில் தாத்தாவின் அப்பா வந்தார், எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பதை ஆவணக் காப்பகத்தில் தேடி, கப்பல் பட்டியலில் அவருக்கு இருந்த எண்ணோடு சொல்லும் குடும்பங்களைப் பார்க்கிறேன். ஆயா எதனால் இறந்தார் என்று கேட்டால், "வயித்து வலி" என்கிறார்கள். என்ன வயது? தெரியாது. அடுத்த முறை வரும்போது அதைத் தேடிக்கொண்டு வாருங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மரணச் சான்றிதழோ பழைய பயாப்சி (சதையை எடுத்துச் செய்த சோதனை) அறிக்கையோ இருந்தால் கூடவே எடுத்து வாருங்கள்.