கையில இருக்குற எழுத்துக்கு பெரிய வார்த்தை: கம்ப்யூட்டர் எப்படி தேடுது?

கீபோர்டுல மேல் வரிசைய பாருங்க. கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டீ, ஒய், யூ, ஐ, ஓ, பீ, மொத்தம் 10 எழுத்து. இத மட்டும் வச்சுகிட்டு, ஒரே எழுத்த எத்தன தடவ வேணாலும் அடிக்கலாம்னு வச்சுக்கிட்டா, இங்கிலீஷ்ல எவ்ளோ நீளமான வார்த்தை கிடைக்கும்? டைப்ரைட்டர்ங்கிற வார்த்தையே கிடைக்கும், அதுவும் 10 எழுத்து. ப்ரொப்ரைட்டர், பெர்பெச்சுவிட்டி எல்லாம் கூட 10 தான். கொஞ்சம் பெரிய டிக்‌ஷனரியா எடுத்தா ரப்ச்சர்வர்ட்னு ஒரு செடி பேர் இருக்கு, அது 11.

இத ஒருத்தர் டிக்‌ஷனரிய புரட்டி கண்டுபிடிக்கணும்னா தாவு தீந்துடும், ஆனா கம்ப்யூட்டருக்கு இது ஒரு வேலையே இல்ல. அது எப்படி பண்ணுதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும், "இந்த எழுத்துல வார்த்தை கண்டுபிடி"ன்னு நாம சாதாரணமா கேக்குறது உண்மையில மூணு வேற வேற கேள்வி, பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. இந்த எழுத்து மட்டும்தான் வரணும், திரும்ப திரும்ப வரலாம்ங்கிறது ஒண்ணு. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையோட ஸ்பெல்லிங் பீங்கிற வார்த்தை விளையாட்டு இந்த ரகம், 7 எழுத்து குடுப்பாங்க, நடுவுல இருக்குறது கட்டாயம் வரணும், வார்த்தை 4 எழுத்துக்கு கம்மியா இருக்கக் கூடாது. இந்த எழுத்து மட்டும்தான், ஆனா கையில எத்தன இருக்கோ அத்தன தடவதான்ங்கிறது ரெண்டாவது, எழுத்துக் கட்டைய அடுக்கி வார்த்தை போடுற ஸ்கிராபிள் விளையாட்டு மாதிரி. இந்த எழுத்தெல்லாம் உள்ள இருந்தா போதும், கூட வேற என்ன வேணா இருக்கட்டும்ங்கிறது மூணாவது.

ஒண்ணுக்கும் மூணுக்கும் ஒரே டெக்னிக். ஒரு சுவத்துல ஏ-ல இருந்து இஸட் வரைக்கும் 26 ஸ்விட்ச் இருக்குன்னு நெனச்சுக்கோங்க. ஒரு வார்த்தையில எந்தெந்த எழுத்து இருக்கோ அந்த ஸ்விட்ச் மட்டும் ஆன். டைப்ரைட்டர்ல 10 எழுத்து இருந்தாலும் டீ, ஈ, ஆர் மூணும் ரெண்டு தடவ வர்றதால 7 ஸ்விட்ச்தான் ஆன் ஆகும். 26 ஆன் ஆஃப்னா கம்ப்யூட்டருக்கு அது 26 பிட், ஒரே ஒரு நம்பர். நாம குடுக்குற எழுத்துக்கும் இதே மாதிரி ஒரு நம்பர். இப்ப மொதல் கேள்விக்கு, நாம குடுத்ததுக்கு வெளிய இந்த வார்த்தையில ஏதாவது ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கான்னு பாக்கணும், இருந்தா தூக்கிடு. மூணாவது கேள்விக்கு அப்படியே உல்டா, நாம குடுத்ததுல ஏதாவது இந்த வார்த்தையில ஆஃபா இருக்கான்னு பாக்கணும், இருந்தா தூக்கிடு. அவ்ளோதான். ப்ராசஸருக்கு இது ஒரு வார்த்தைக்கு ஒண்ணு ரெண்டு கணக்கு, அதனால லட்சக்கணக்கான வார்த்தைய கண்ண மூடி தெறக்குறதுக்குள்ள ஓட்டிடும்.

இதுல இன்னொரு சூட்சுமமும் உண்டு. வார்த்தை லிஸ்ட்ட மொதல்லயே நீளத்துப்படி, பெருசு மேல சிறுசு கீழன்னு அடுக்கி வச்சுட்டா, மொதல்ல மாட்டுறதுதான் விடை, மிச்சத்த பாக்கவே வேணாம். ஏ, ஈ, ஐ, ஓ, யூ, ஒய் ஆறும் இருக்கணும், ஆனா எந்த எழுத்தும் ரெண்டு தடவ வரக் கூடாதுன்னு கேட்டு பாருங்க, அன்காப்பிரைட்டபிள் வந்து விழும். 15 எழுத்து, 15 ஸ்விட்ச். எழுத்தோட எண்ணிக்கையும் ஆன் ஆன ஸ்விட்ச் எண்ணிக்கையும் ஒண்ணா இருந்தா எழுத்து திரும்ப வரலன்னு அர்த்தம், அதுக்குன்னு தனியா ப்ரோக்ராம் கூட எழுத வேணாம்.

ரெண்டாவது கேள்வியிலதான் ஸ்விட்ச் கைய விரிச்சிடும். கையில ஒரே ஒரு டி வச்சிருந்தா டாட்னு, அதாவது டி ஏ டின்னு, எழுத முடியாது, ஆனா ஸ்விட்ச்ச பாத்தா ஏ ஆன், டி ஆன், எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லும். இதுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான், பகா எண். ஏ-வுக்கு 2, பி-க்கு 3, சி-க்கு 5, டி-க்கு 7, இப்படியே போனா இஸட்டுக்கு 101. ஒரு வார்த்தையோட எழுத்துக்கெல்லாம் உள்ள எண்ண பெருக்கிக்கோங்க. கையில ஏ, பி, சி, டி ஒவ்வொண்ணு இருந்தா 2×3×5×7 = 210. பேட், அதாவது பி ஏ டி, 42. 210ஐ 42ஆல வகுத்தா மீதி இல்லாம 5 வருது, அப்ப எழுத முடியும், அந்த 5தான் கையில மிச்சம் இருக்குற சி! டாட் 98. 210ஐ 98 வகுக்காது, அதனால முடியாது. எந்த எண்ண எடுத்தாலும் பகா எண்ணா பிரிக்க ஒரே ஒரு வழிதான் இருக்குங்கிறதால இது எப்பவும் ஏமாத்தாது.

பிரச்சன வார்த்தை நீளமா போகும்போதுதான். அன்காப்பிரைட்டபிளுக்கு இந்த கணக்குல 21 இலக்க நம்பர் வருது, கம்ப்யூட்டர் வழக்கமா ஒரே மூச்சுல கையாளுற 64 பிட்டுக்குள்ள அடங்காது. அடிக்கடி வர்ற ஈ, டீ, ஏ மாதிரி எழுத்துக்கு சின்ன பகா எண்ணா குடுத்தா நம்பர் நல்லா சுருங்கும். இல்லன்னா பேசாம எழுத்துக்கு எழுத்து எத்தன தடவ வருதுன்னு எண்ணிக்கலாம், அதுல அழகு இல்ல, ஆனா எங்கயும் ஒடயாது.

பிரிட்டன்ல சேனல் 4 ஆரம்பிச்ச அன்னிக்கே, 1982 நவம்பர் 2ல, கவுன்ட்டவுன்னு ஒரு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க, இன்னமும் ஓடுது. 9 எழுத்து, 30 செகண்ட், யார் பெரிய வார்த்தை சொல்றாங்களோ அவங்களுக்கு பாயின்ட். இதுவும் ரெண்டாவது ரகம்தான், ஆனா இதுக்கு லிஸ்ட் முழுக்க ஓட்ட கூட வேணாம். ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகர வரிசையில அடுக்கி அதையே சாவியா, அதாவது அந்த வார்த்தைய தேடி எடுக்குற அடையாளமா, மொதல்லயே வச்சுடணும், லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் நாலுக்கும் ஒரே சாவிதான் வரும். 9 எழுத்துல இருந்து சிலத எடுத்து சிலத விட 511 வழிதான் இருக்கு, 511 சாவியையும் பெருசுல இருந்து போட்டு பாத்தா முடிஞ்சுது.

ஆனா இவ்ளோ பண்ணியும் விடை சொதப்பலா வந்தா தப்பு பெரும்பாலும் லிஸ்ட்டுலதான் இருக்கும். மேக் கம்ப்யூட்டர்ல சும்மாவே கெடக்குற வேர்ட்ஸ்ங்கிற ஃபைல் 1934ல வந்த வெப்ஸ்டர் டிக்‌ஷனரியில இருந்து எடுத்தது, 2 லட்சத்துக்கு மேல வார்த்தை இருக்கும், யாருமே கேள்விப்படாத வார்த்தையெல்லாம் வரும், ஆனா எஸ் போட்டு வர்ற பன்மை பெரும்பாலும் இருக்காது. அத வச்சு ஸ்கிராபிள் ஆடினா தோத்துடுவீங்க. அதுக்கு எனேபிள்னு ஒரு லிஸ்ட் ஃப்ரீயா கிடைக்குது, 1,70,000 வார்த்தைக்கு மேல, பன்மையெல்லாம் சேத்து, அத எடுத்துக்கோங்க.