சராசரி என்னும் நிரவல்

‘சராசரி’யைப் பார்த்தால் ‘சராசரம்’ என்ற வடசொல்லுக்கு உறவு என்று எண்ணத் தோன்றும். உறவில்லை. சராசரம் என்பது சரமும் அசரமும், அதாவது அசைவதும் அசையாததும். கணக்கில் வரும் சராசரி பாரசீக வழி வந்தது. ‘சர்’ என்றால் தலை. ‘சராசர்’ என்றால் ஒரு தலையிலிருந்து மறு தலை வரை, முழுவதும். மராத்தியிலும் இதற்குச் சராசரி என்றே பெயர்.

ஆங்கில ‘ஆவரேஜ்’ கடலில் பிறந்தது. பழுதுபட்ட சரக்கைக் குறித்த ‘அவார்’ என்ற அரபுச் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். புயலில் கப்பலைக் காக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நட்டத்தை எல்லா வணிகர்களும் அவரவர் பங்குக்கு ஏற்ப ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பங்கீட்டுக்கே ஆவரேஜ் என்று பெயர்.

தமிழில் இதற்கு நிரவல் என்ற சொல் உண்டு. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமமாக்குவது நிரவுதல். ஆசிரியர் மிகுந்த பள்ளியிலிருந்து குறைந்த பள்ளிக்கு ஆளை அனுப்புவதைக் கல்வித்துறை ‘பணிநிரவல்’ என்கிறது. (மாற்றப்படும் ஆசிரியருக்கு அச்சொல் அவ்வளவு இனிப்பதில்லை.)

ஓர் இட்லிக் கடையில் நான்கு நாள் விற்பனை 40, 70, 55, 35 தட்டு. பட்டை வரைபடமாக வரைந்து 50-இல் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே துருத்துவது 20-உம் 5-உம். கீழே குறைவது 10-உம் 15-உம். 25-ஐ வெட்டி 25-ஐ நிரப்பினால் தரை சமம். கூட்டி வகுப்பது இதன் சுருக்குவழிதான்.

நிரவலை மறந்தால் வேகக் கணக்கில் சறுக்கும். 120 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 50 அன்று, 48. போக 2 மணி, வர 3 மணி. 240-ஐ 5 மணிக்கு நிரவ வேண்டும். 48-ஐ விட இரண்டு மணி நேரமும் மணிக்கு 12 மிகுதி, மூன்று மணி நேரமும் மணிக்கு 8 குறைவு. இரண்டும் 24.

தமிழ்நாட்டுப் பாடநூல் ‘கூட்டுச் சராசரி’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘இடை’ என்கிறது. இடை சிக்கனமான சொல். ஆனால் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதைக் குறிக்கும் ‘இடைநிலை’, ‘இடையம்’ ஆகியவற்றோடு மாணவர் குழம்ப இடமுண்டு. ஊன்றிவிட்ட சராசரியைப் பிடுங்க வேண்டாம். வகுப்பில் முதல் நாள் மட்டும் நிரவலைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.