வாழ்க்கைத் தரமா, வாழ்வுத்தன்மையா?

புகைப்பழக்கம் பற்றிய ஆய்வுகளில் 'ஹெல்த் ரிலேட்டட் குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்ற தொடர் அடிக்கடி வரும். 'உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம்' என்று தமிழில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் ஒரு நெருடல். வாழ்க்கைத் தரம் என்றதும் மனதில் வருவது வருமானம், வீடு, வாகனம். அது 'ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங்'. கைநிறையச் சம்பாதிப்பவர் இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கிறார் என்றால், அவருடைய தரம் உயரத்தில்தான் இருக்கிறது. ஆய்வு கேட்பது அந்த மூச்சைப் பற்றி.

சரி, வேருக்குப் போவோம். 'குவாலிட்டி'யின் மூலம் 'குவாலிடாஸ்' என்ற லத்தீன் சொல். 'குவாலிஸ்' என்றால் 'எப்படிப்பட்ட'. கிரேக்கத் தத்துவச் சொல் ஒன்றுக்கு ஈடாக 'குவாலிடாஸ்' என்பதை உருவாக்கியவர் பழைய ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ. அதில் உயர்வு தாழ்வு கிடையாது. நம் 'தரம்' அப்படியல்ல, படி பிரிக்கிற சொல். நிலத்தைத் தரம் பிரித்து வரி போட்ட வழக்கம் சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது.

எப்படிப்பட்டது என்பதைச் சொல்லத் தமிழில் 'தன்மை' இருக்கிறது. இலக்கணத்தில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: தன்மை, முன்னிலை, படர்க்கை. நான் என்று பேசுவது தன்மை. இந்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது; 'வாழ்வுத்தன்மை' என்றே சொல்லலாம். நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறது என்று கருவி சொல்வது படர்க்கைப் பேச்சு. வாழ்வுத்தன்மையை ஆளே தன் வாயால் சொல்ல வேண்டும்.

அதற்கென்றே வினாத்தாள்கள் உண்டு. 'எஸ்எஃப்-36' என்பதில் 36 கேள்விகள், எட்டுப் பிரிவுகள், 0 முதல் 100 வரை மதிப்பெண். பல மாடிகள் ஏற உடல்நிலை தடையாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ரொம்பவே, கொஞ்சம், இல்லவே இல்லை என மூன்று விடைகள். பல வருடங்களாக லிஃப்டிலேயே போகிறவர் யோசிக்காமல் 'இல்லவே இல்லை'யில் குறி போட்டுவிடலாம். தன்மையில் பேசுவதில் இந்தச் சிக்கலும் உண்டு.

பொதுவாக, புகைக்கிறவர்களின் மதிப்பெண் புகைக்காதவர்களைவிடக் குறைவு. விட்டவர்கள் பெரும்பாலும் நடுவில். ஆனால் நோய் வந்த பிறகு விட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களை மட்டும் பார்த்தால் விட்டதால்தான் உடம்பு கெட்டது போலத் தோன்றும். சிகரெட் மனதை அமைதிப்படுத்துகிறது என்பதும் பாதி உண்மைதான். நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். அதனால் வரும் தவிப்பை அடுத்த சிகரெட் தணிக்கிறது, அவ்வளவே. விட்ட முதல் சில வாரங்கள் எரிச்சலும் தூக்கக் கெடுதலும் இருக்கும். அதைத் தாண்டியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்து வாழ்வுத்தன்மை கூடியிருந்ததாக, 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது.

அப்புறம், 'முன்னாள் புகைப்பிடிப்பாளர்' என்ற மொழிபெயர்ப்பு. முன்னாள் அமைச்சர் மாதிரி, ஏதோ பதவி போனவர் போல ஒலிக்கிறது. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'விட்டுட்டார்' என்கிறோம். பிடிக்கிறவர், விட்டவர், தொடாதவர். ஆய்வு அட்டவணையின் மூன்று நெடுவரிசைகளுக்குத் தலைப்பாக இவையே போதும்.