சொல் விளக்கம்: இன் கேமரா விசாரணை

பிள்ளை யாரிடம் வளர்வது என்று தாயும் தகப்பனும் வழக்காடும்போது, ‘விசாரணை இன் கேமராவாக நடக்கும்’ என்று நீதிபதி சொல்வதுண்டு. வீடியோ எடுக்கப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. வழக்குக்குச் சம்பந்தமில்லாதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெற்றோர், வக்கீல்கள், நீதிமன்ற ஊழியர்கள் மட்டும் உள்ளே. பொதுவாகப் பத்திரிகைக்காரருக்கும் இடமில்லை.

லத்தீனில் கேமரா என்றால் வளைவுக் கூரை போட்ட அறை. கிரேக்கத்திலிருந்து அங்கே போன சொல். ‘இன் கேமரா’ என்றால் அறைக்குள், அவ்வளவுதான். படம் பிடிக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வந்தது தனிக் கதை. சிறு துளை வழியே வெளிக்காட்சி தலைகீழாகச் சுவரில் விழும் இருட்டறையை ‘கேமரா அப்ஸ்கூரா’ என்றார்கள். அறை சுருங்கிப் பெட்டியானது, பெயர் தங்கிவிட்டது. வக்கீல்கள் நாள் முழுக்கச் சொல்லும் ‘சேம்பர்’கூட, பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த அதே லத்தீன் சொல்தான். இந்தியின் ‘கம்ரா’வைப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள்.

நீதிமன்றம் எல்லார் கண்முன்னும் நடக்க வேண்டும் என்பதே பொது விதி. 1913இல் ‘ஸ்காட் எதிர் ஸ்காட்’ வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை அழுத்திச் சொன்னது. ஆனால் நீதிமன்றப் பொறுப்பில் உள்ள சிறார் வழக்குகளுக்கு விலக்கு உண்டு என்றது. அங்கே நீதிமன்றமே பெற்றோர் நிலையில் நிற்கிறது என்பது காரணம். இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 11ஆம் பிரிவு: நீதிமன்றம் விரும்பினால் கதவை மூடலாம், வழக்காடுபவர்களில் ஒருவர் கேட்டாலே மூடியாக வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் ‘ரகசிய விசாரணை’ என்று வருகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. ரகசியம் என்றாலே யாரையோ ஏமாற்றும் வாடை அடிக்கிறது. இங்கே இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறார்கள். தீர்ப்பும் பெயர்களை நீக்கி வெளிவரலாம். ‘தனி விசாரணை’ என்றால் வழக்கைப் பிரித்து நடத்துவதாகத் தோன்றும். ‘மூடிய அறை விசாரணை’தான் சரி; ‘திறந்த நீதிமன்றம்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாகவும் அமைகிறது. நீதிபதி பிள்ளையை மட்டும் தம் அறைக்கு அழைத்து, பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதுண்டு. அதற்கு ‘நீதிபதி தம் அறையில் பேசினார்’ என்பதே போதும்.

கதவை மூடுவதையும் பெயரை மறைப்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இங்கிலாந்து, வேல்ஸ் குடும்ப நீதிமன்றங்களுக்குள் 2009 முதல் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் உட்காரலாம். ஆனால் கேட்டதில் பெரும்பகுதியை எழுத முடியாமல் இருந்தது. 2023இல் லீட்ஸ், கார்லைல், கார்டிஃப் நகரங்களில் சோதனையாக ஒரு புது ஏற்பாடு வந்து, 2025 ஜனவரியில் எல்லா இடத்துக்கும் விரிந்தது. நீதிபதியின் உத்தரவுக்கு உட்பட்டு எழுதலாம், குடும்பம் இன்னதென்று தெரியக் கூடாது. இதற்கு ‘அடையாள மறைப்பு’ என்ற சொல் பொருந்தும். அப்பாவின் வேலை, பிள்ளையின் வயது, பள்ளி இருக்கும் பகுதி மூன்றையும் எழுதிவிட்டு, கீழே ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று போடுவது அதில் சேராது.